செத்த திமிங்கலத்துக்குக் கணக்கு யார் வைப்பது?

பேப்பரில் அடிக்கடி வரும் செய்திதான். "கடற்கரையில் இறந்து ஒதுங்கிய ராட்சத திமிங்கலம்" என்று தலைப்பு. கீழே நாலு வரி. நீளம் இத்தனை அடி, எடை இத்தனை டன் இருக்கும். பொதுமக்கள் திரண்டு வந்து செல்போனில் படம் எடுத்துச் சென்றனர். வனத்துறையினர் பார்வையிட்டனர். பொக்லைன் இயந்திரம் மூலம் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. எப்படிச் செத்தது என்கிற இடம் வந்தால் மட்டும் ஒரு வழுக்கல்: "கப்பலில் மோதியோ, நோய் தாக்கியோ இறந்திருக்கலாம் என்று கூறப்படுகிறது."

யார் கூறியது? எதைப் பார்த்துக் கூறியது? கப்பல் மோதியிருந்தால் எலும்பு உடைந்திருக்கும். நோய் என்றால் ஈரலிலோ நுரையீரலிலோ தெரியும். வலையில் மாட்டியிருந்தால் துடுப்பிலும் வாயோரத்திலும் கயிற்றுத் தழும்பு இருக்கும். அறுத்துப் பார்த்தால் தெரியக்கூடிய விஷயத்தை அறுக்காமலே புதைத்துவிட்டு, "இருக்கலாம்" என்று எழுதி முடித்துக்கொள்வது என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி.

"ஏன் சார், மாட்டுக்கு ஊசி போட்டுக்கிட்டிருந்த ஆளு, திண்டுக்கல்ல உக்காந்துக்கிட்டு திமிங்கலத்தைப் பத்தி எழுதுறீங்க?" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊரிலிருந்து மணப்பாட்டுக் கடற்கரைக்கு பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் ஆகிவிடும். நமக்குச் சிறுமலை தெரியும், கொடைக்கானல் காட்டுமாடு தெரியும். கடலோடு நமக்கு என்ன ஒட்டு, உறவு?

இருக்கிறது. நம் குடகனாறு வடக்கே போய் அமராவதியில் சேர்ந்து, காவிரி வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது. நிலக்கோட்டைப் பக்கத்து வைகை தண்ணீர் மிஞ்சினால் ராமநாதபுரம் தாண்டி பாக் நீரிணையில் விழுகிறது. தோல் ஷாப்புக் கழிவு குடகனாற்றுக் கரைக் கிணறுகளை என்ன செய்தது என்று இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேட்டில் இருக்கிறவன் கழுவிவிடுவது பள்ளத்துக்குத்தான் போகும். கடைசிப் பள்ளம் கடல். ஞாயிற்றுக்கிழமை நாம் வாங்குகிற வஞ்சிரமும் விளமீனும் அங்கிருந்துதான் ஐஸ் பெட்டியில் வருகின்றன. போகிறதும் நம்முடையது, வருகிறதும் நமக்குத்தான் என்றால் கேள்வி கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு.

இன்னொன்று, செத்த பிராணியை அறுத்துக் காரணம் கண்டுபிடிப்பது என் தொழிலாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் பேச வாய் உண்டு.

முதலில் மணப்பாட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2016 ஜனவரி 11-ஆம் தேதி மாலையிலிருந்து, திருச்செந்தூர் ஆலந்தலைக்கும் மணப்பாட்டுக்கும் இடைப்பட்ட கரையில் திமிங்கலங்கள் கூட்டமாக ஏறத் தொடங்கின. ஒன்று இரண்டு இல்லை, எண்பதுக்கு மேல். பைலட் திமிங்கலம் என்கிற வகை. ஆழ்கடலில் கணவாய் தின்று வாழ்கிற ஜாதி, கரைப்பக்கம் சாதாரணமாக வராது. மீனவர்கள் ராத்திரியென்றும் பாராமல் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள். விட்டதில் சில மறுபடியும் திரும்பிக் கரைக்கே வந்தன. குறைந்தது 45 திமிங்கலங்கள் செத்தன. கரையிலேயே பெரிய குழிகள் வெட்டிப் புதைத்தார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 1973 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அதே மன்னார் வளைகுடாவின் தென்கரையில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. அப்போதே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் போய்ப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதே கரை, அதே மாதம், 43 வருஷ இடைவெளி. இரண்டாவது தடவை வருவதற்குள் நாம் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் விண்கலம் அனுப்பிவிட்டோம். ஆனால் திமிங்கலம் கரையேறிய காரணத்துக்கு 2016-லும் ஊகங்கள்தான் கிடைத்தன. கூட்டத்தின் தலைவிக்கு நோய் என்றார்கள். சரிவான மணல் கரையில் எதிரொலி சரியாகக் கிடைக்காமல் திசை தவறியது என்றார்கள். நில அதிர்வு என்றார்கள், கப்பல் சத்தம் என்றார்கள். ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். எது நடந்தது என்பது உறுதியாகாத சம்பவமாகவே அது இன்றுவரை பேசப்படுகிறது.

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது அப்போது டீக்கடைகளில் ஓடிய பேச்சு. "கூட்டமா வந்து தற்கொலை பண்ணிக்கிச்சாம்." திமிங்கலம் தற்கொலை செய்துகொள்ளாது ஐயா. அது நம்மைப் போல நுரையீரலால் மூச்சுவிடுகிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி. பைலட் திமிங்கலம் தாய் வழிக் குடும்பமாக வாழ்கிறது. பாட்டி, தாய், பேத்தி என்று பல தலைமுறை ஒரே கூட்டத்தில் இருக்கும். ஒன்று கரையில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால் மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை. தள்ளிவிட்டவை திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கரையேறியதும் தன் எடையே தன்னை நசுக்கும், வெயிலில் உடம்பு கொதித்துவிடும். இதற்குத் தற்கொலை என்று பெயர் வைத்தால் நமக்கு ஒரு வசதி. தற்கொலை என்றால் குற்றவாளியைத் தேடவேண்டாம் பாருங்கள்.

கிராமத்திலும் இதே வசதியைப் பார்த்திருக்கிறேன். நல்ல கறவை மாடு. பத்து நாளாகத் தீனி எடுக்காது. முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், நெஞ்சில் நீர் கோத்து வீங்கும், ஒருநாள் விழுந்து செத்துவிடும். "கண்ணு பட்டுருச்சு சார்" என்பார்கள். "யாரோ வச்சுட்டாங்க" என்று பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அறுத்துப் பார்த்தால், தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கிற இரண்டாவது வயிற்றிலிருந்து ஒரு கம்பித் துண்டு உதரவிதானத்தைக் குத்திக்கொண்டு இருதயப் பைக்குள் போயிருக்கும். உள்ளே சீழ். பூட்டுப் பட்டறை ஊரில் கம்பித் துண்டுக்கும் ஆணிக்கும் பஞ்சமா? காரணம் தெரிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை இல்லை. மேய்ச்சல் இடத்தை மாற்று, குப்பையில் கம்பி போடாதே என்று சொல்ல முடிந்தது. அடுத்த மாடு பிழைத்தது. பின்னாளில் கம்பி குறைந்து பாலித்தீன் பை கூடியது, அது தனிக் கதை.

காப்பீடு செய்த கறவை மாடு செத்தால் காதுவில்லை வேண்டும், போட்டோ வேண்டும், கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட போஸ்ட்மார்ட்டம் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் காப்பீட்டுக் கம்பெனி ஒரு பைசா தராது. சில ஆயிரம் ரூபாய் மாட்டுக்கு இவ்வளவு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் சமமாக முதல் அட்டவணையில் வைத்திருக்கிற திமிங்கலத்துக்கு ஒரு பொக்லைன்.

நண்பர்களில் பலருக்கு வெக்கை நோய் நினைவிருக்கும். மாட்டம்மை என்றும் சொல்வோம். ஊரோடு மாடுகளை வாரிக்கொண்டு போன நோய். உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டது என்று 2011-ல் அறிவித்தார்கள். மனிதனுக்குப் பெரியம்மை, அதற்கு அடுத்து முற்றாக ஒழிந்தது இந்த ஒரு நோய்தான். தடுப்பூசி மட்டுமா அதைச் செய்தது? கிராமம் கிராமமாகப் போய், சந்தேகத்துக்குரிய சாவு இருக்கிறதா என்று தேடித் தேடி எழுதிய கணக்கும் சேர்ந்துதான் செய்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெக்கை நோய்க் கிருமியின் உறவுக்கார வைரஸ் ஒன்று கடலில் டால்பின்களையும் தாக்குகிறது. 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டால்பின்கள் அதனால் செத்தன. ஒதுங்கியதை எல்லாம் எண்ணினார்கள், அறுத்தார்கள், மாதிரி எடுத்தார்கள், அதனால் அது என்ன நோய் என்று தெரிந்தது. நம் கரையில் அப்படி ஒன்று வந்தால் நாம் என்ன எழுதுவோம்? "நோய் தாக்கியோ இறந்திருக்கலாம்."

அறுத்துப் பார்த்ததால் நேரடியாகப் பலன் கிடைத்த கதையும் உண்டு. 2000 மார்ச்சில் பஹாமா தீவுகளில் ஒன்றரை நாளுக்குள் 17 திமிங்கலங்களும் டால்பின் வகைகளும் கரையேறின. அங்கே இருந்த ஆராய்ச்சிக்காரர்கள் செத்தவற்றின் தலையை வெட்டி, அழுகாமல் உறையவைத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காதைச் சுற்றி ரத்தக் கசிவு இருந்தது. அந்த நேரத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் ஒலியை அங்கே பயன்படுத்திக்கொண்டிருந்தன. உலகத்திலேயே பலம் மிகுந்த கடற்படை, தன் சோனார்தான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு என்று 2001-ல் அறிக்கையில் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2002-ல் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் அதே மாதிரி நடந்தது. அறுத்தபோது ரத்தக் குழாய்களில் காற்றுக் குமிழிகள். முத்துக்குளிப்பவர் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால் வருமே, அதே மாதிரியான பாதிப்பு. 2004-ல் ஸ்பெயின் அரசு அந்தத் தீவுகளைச் சுற்றி சோனாருக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகான வருஷங்களில் அந்த வகைத் திமிங்கலங்கள் அங்கே கூட்டமாகக் கரையேறியது நின்றது.

மணப்பாட்டிலும் சோனார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1973-லும் அதே கரையில் நடந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அங்கே இயற்கையாகவே ஏதோ ஒரு பொறி இருக்கலாம். ஆனால் காது திசு வெயிலில் ஒருநாள் கிடந்தால் அழுகிவிடும். அதற்குப் பிறகு எந்தப் பெரிய விஞ்ஞானி வந்தாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. முதல் சில மணி நேரத்தில் கத்தியும் ஐஸ் பெட்டியுமாக ஆள் போய்ச் சேர ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி.

கணக்கு வைப்பதைப் பற்றி இன்னொரு பழைய கதை. 1966 நவம்பரில் சோவியத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் அரபிக் கடலுக்குள் வந்து, ஓமன், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரைகளுக்கு அப்பால், கூனல் திமிங்கலங்களை 200-க்கு மேல் சட்டவிரோதமாகக் கொன்றன. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. சோவியத் யூனியன் கலைந்த பிறகு அவர்களுடைய விஞ்ஞானிகளே குறிப்புகளை வெளியிட்டார்கள். எந்தத் தேதி, எங்கே, ஆணா பெண்ணா, வயிற்றில் என்ன இரை, கரு எத்தனை நீளம் என்று எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். அரபிக் கடலின் கூனல் திமிங்கலங்கள் துருவத்துக்குப் போகாமல் இங்கேயே வாழ்கிற தனிக் கூட்டம் என்று இன்று சொல்வதற்கு அந்தக் குறிப்புகளும் ஆதாரம். கொன்றவன் எழுதி வைத்த கணக்கு இருக்கிறது. பாதுகாக்கிறோம் என்கிற நம்மிடம் என்ன இருக்கிறது? 1979-லேயே இந்துமாக் கடல் முழுவதையும் திமிங்கலச் சரணாலயமாக உலகத் திமிங்கல ஆணையம் அறிவித்துவிட்டது. நம் கடலில் ஈட்டி வைத்து வேட்டையாடுகிறவன் இன்று இல்லை. வேட்டை இல்லாத சரணாலயத்தில் எத்தனை செத்தன, எதனால் செத்தன என்று ஒரு பேரேடு வேண்டாமா?

கடல் விஷயத்தில் நமக்குத் தெரிந்ததே பயப்பட வைக்கிறது. டால்பினை நம் கடற்கரையில் ஓங்கில் என்பார்கள். சூரை மீனுக்குப் போடுகிற செவுள் வலையில் ஓங்கில் மாட்டினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் சில நிமிஷத்தில் செத்துப்போகும். இந்துமாக் கடலில் 1950 முதல் 2018 வரை இந்தச் சூரை வலைகளில் மட்டும் சுமார் 41 லட்சம் டால்பின்களும் சிறு திமிங்கலங்களும் மாட்டியிருக்கும் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கவனியுங்கள், மதிப்பீடு. எண்ணியது இல்லை. படகுகளில் கணக்கெடுப்பவர் கிடையாது என்பதால் கிடைத்த கொஞ்ச விவரத்தை வைத்துப் பெருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தியா, இலங்கை, ஈரான், பாகிஸ்தான், ஓமன் என்று வலை போடுகிற எல்லா நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

இதைப் படித்ததும் "மீனவன்தான் வில்லன்" என்று யாராவது முடிவு கட்டினால் அவர்களோடும் எனக்குச் சண்டைதான். மணப்பாட்டில் ராத்திரி முழுக்கத் தள்ளியது மீனவர்கள். வலையில் மாட்டிய கடல்பசுவை, வலை போனாலும் போகட்டும் என்று அறுத்துவிட்டவர்களும் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரை மீனவர்கள்தான். நகரத்தில் ஏசி அறையில் கூட்டம் போட்டு மீனவனைத் திட்டுகிறவர்கள், ஒரு வலையின் விலை என்ன, கடனுக்கு வட்டி என்ன என்று கேட்டுவிட்டுப் பேசட்டும். இன்றைய நிலையில் தெரியாமல் மாட்டிச் செத்த ஓங்கிலை ஒரு மீனவர் கரைக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயம். முதல் அட்டவணை விலங்கு, வழக்கு, கோர்ட். யார் அலைவது? கடலிலேயே அறுத்து விட்டுவிடுகிறார். அங்கேயே நம் கணக்கும் மூழ்கிவிடுகிறது. சட்டத்தின் கடுமையே உண்மையைக் கரைக்கு வரவிடாமல் செய்கிறது என்றால் அது யாருக்குப் பாதுகாப்பு?

வழி இல்லாமல் இல்லை. குஜராத்தில் ஒரு காலத்தில் புள்ளிச் சுறா எனப்படும் பெரிய சுறாவை எண்ணெய்க்காகக் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-ல் அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. சட்டத்தோடு நிற்காமல் 2004 முதல் ஊர் ஊராகப் பேசினார்கள். வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரும் மகள் மாதிரி அது நம் கரைக்கு வருகிறது என்று மொராரி பாபு என்கிற கதாகாலட்சேபக்காரர் சொன்னார். வலையை அறுத்துவிட்டால் நஷ்ட ஈடு என்று வனத்துறை சொன்னது. கொன்ற அதே மீனவர்கள் இதுவரை நூற்றுக்கணக்கில் விடுவித்திருக்கிறார்கள். விடுவித்ததற்கெல்லாம் கணக்கும் இருக்கிறது. மகாராஷ்டிராவும் 2018 முதல் அறுத்த வலைக்கு நஷ்ட ஈடு தருகிறது.

கப்பல் விஷயத்துக்கு இலங்கையைப் பார்க்கலாம். இலங்கையின் தெற்கு முனையை ஒட்டி நீலத் திமிங்கலங்கள் வாழ்கின்றன, உலகத்திலேயே பெரிய பிராணி. அதே இடத்தில் உலகத்தின் நெரிசலான கப்பல் பாதையும் போகிறது. கப்பல் மோதிச் செத்த திமிங்கலங்களை ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் படம் எடுத்து, அளந்து, வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதன் பலனாக 2022-ல் எம்.எஸ்.சி. என்கிற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது 176 ஆமைகள், 20 டால்பின்கள், 4 திமிங்கலங்கள் இறந்ததாக நீதிமன்றத்தில் எண்ணிக்கை சொன்னார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் நஷ்ட ஈடு தரச் சொல்லி உத்தரவு போட்டது. செத்ததை எண்ணி வைத்திருந்தவர்களால் நீதிமன்றத்தில் நின்று பேச முடிந்தது. அதே 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கியது. அதன் பிளாஸ்டிக் குருணைகள் நம் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. நாளைக்கு அந்தக் குருணை ஓங்கில் வயிற்றில் இருக்கிறதா என்று யாராவது கேட்டால், வயிற்றைத் திறந்து பார்த்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நம் மாநிலத்துக்கு இது தெரியாத வித்தை என்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கு மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது என்ன நடந்தது? எண்ணினார்கள். அறுத்துப் பார்த்தார்கள். மூச்சுத் திணறிச் செத்தது தெரிந்தது. கரைக்கு அருகே இழுவை மடி போட்ட விசைப்படகுகள் மேல் பேச்சு திரும்பியது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. "மர்மம்" என்று எழுத யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. யானைக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டு வனத்துறை யானை இறப்புத் தணிக்கை என்று ஒரு முறையை வைத்திருக்கிறது. ஒரு யானை செத்தால் மின்சாரமா, நோயா, ரயிலா, ஒரே மாதிரிப் படிவத்தில் பதிவாக வேண்டும். நாட்டுக்கே முன்னோடி என்று இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். பழனி மலைத் தொடரில் யானை விழுந்தால் நம் மாவட்டத்திலும் அந்தக் கணக்கு எழுதப்படும். கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் சிந்து நதிக் கிளையிலும் உள்ள ஆற்று டால்பின்களை எண்ணி 6,327 என்று 2025 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், கரையில் வந்து கிடக்கிற உடலுக்காவது ஒழுங்கான கணக்கு எழுத முடியாதா?

என் கோரிக்கை பெரியது இல்லை. யானைக்கு உள்ளது போல் கடல் பாலூட்டிகளுக்கும் ஓர் இறப்புத் தணிக்கை வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரத்தநாட்டில் இருக்கிறது, சென்னை வேப்பேரியில் 1903-லிருந்து இருக்கிறது. கரையிலிருந்து எதுவும் நெடுந்தூரம் இல்லை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆள் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. இவர்களை ஒரே கயிற்றில் கட்டி, உடல் ஒதுங்கிய தகவல் வந்தவுடன் கிளம்புகிற குழு ஒன்று வேண்டும். காது, நுரையீரல், வயிறு மூன்றையும் பார்க்காமல் பொக்லைன் வரக்கூடாது. முடிவை மூன்று மாதத்துக்குள் தமிழில், எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும். காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதட்டும், என்னென்ன பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதட்டும். தெரியாமல் மாட்டிய விலங்கைச் சொல்லி ஒப்படைக்கிற மீனவர் மேல் வழக்கு வரக்கூடாது. அறுத்த வலைக்கு உடனே பணம் போய்ச் சேர வேண்டும்.

"மனுஷனே கேட்பாரில்லாமல் சாகிறான், திமிங்கலத்துக்கு என்ன அவசரம்" என்பார்கள். இந்த வாதத்தை வைத்து இதுவரை ஒரு மனுஷனும் பிழைத்ததாக நான் பார்க்கவில்லை. மீனவர் சங்கங்கள் கேட்பதும் இதே கணக்கைத்தான்: கரையோரத்தில் யார் இழுவை மடி போடுகிறார்கள், ஆலைக் கழிவு எங்கே விழுகிறது, மீன் ஏன் குறைகிறது. செத்து ஒதுங்கும் உடல் அந்தக் கேள்விகளுக்கு ஒரு சாட்சி. சாட்சியை விசாரிக்காமல் புதைக்கிற ஊரில் வேறு எந்த நியாயம் கிடைக்கும்?

செலவும் ஒரு சாக்கு. திமிங்கல உமிழ்நீர் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாகிற அம்பர் கட்டி, அதைக் கடத்தியவர்கள் பிடிபட்டால் மட்டும் கிலோ எத்தனை, மதிப்பு எத்தனை கோடி என்று கிராம் பிசகாமல் எழுதத் தெரிகிறது. தராசு இருக்கிறது, ஆய்வகத்துக்கும் அனுப்புகிறார்கள். அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கு போதும்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பேப்பரில் அந்த நாலு வரியைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். போஸ்ட்மார்ட்டம் செய்தது யார்? என்ன பார்த்தார்கள்? அறிக்கை எங்கே? பதில் இல்லாவிட்டால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். வனத்துறைக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு போடுங்கள். ரிட்டயர்டு ஆட்களுக்கு நேரம் இருக்கிறது, கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. நான் என் மனுவை இந்த வாரம் தபாலில் சேர்க்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன், வராவிட்டால் மேல்முறையீடு செய்துவிட்டு அதையும் எழுதுகிறேன்.